நவம்பர்ப் பட்டியலில் ஒரு பெயர்

மட்டாஞ்சேரி
14 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம் என்று தொடங்கினால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். சேசு மரி சூசை என்று தொடங்கினால் இங்கே ஒருவர் முகம் வாடும். அதனால் வெறும் அன்போடு தொடங்குகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மலைக்குளிருக்குக் காலுறை போட மடத்தில் விடுகிறார்களா?

இங்கே நானும் இவரும் உங்கள் பிள்ளையும் சுகம். பெரியம்மாவுக்கு என்று ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள். சபையில் பிரதிஷ்டை நடந்தது. பாஸ்டர் பிள்ளையைக் கையில் ஏந்தி ஜெபித்து, ஆசேர் என்று பெயர் சொல்லி, திருப்பித் தந்துவிட்டார். அவ்வளவுதான். தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை. நான் மடியில் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தேன், தலை துவட்ட. பழக்கதோஷம். அதை யாரும் பார்க்கும் முன் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

ஞானஸ்நானம் எப்போது என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இவரிடம் கேட்டேன். ஏலூரில் ஷிஃப்ட் முடிந்து வந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பேரு வச்சாங்க, ஜாதி வச்சாங்க, சாமியக் காட்டிக் கும்பிடுன்னாங்க. ஒண்ணும் என்னக் கேக்கல. இருபத்தேழு வயசுல ஆத்துல முங்கினது ஒண்ணுதான் நானே கேட்டு வாங்கினது. அது நம்ம மோனுக்கும் வேணும். வளந்து அவனே கேக்கட்டும் ஜெசி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொன்னால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆசேர் சாது. அழுவதே குறைவு. பால் குடிக்கும்போது மட்டும் நெற்றி வேர்த்து, பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறான். பின்னால் குடோனில் மிளகுத் தூசி, அதனால் இருக்கும் என்கிறாள் மாடிவீட்டு மீனாக்ஷி.

உங்கள் தங்கை,
ஜெசிந்தா


அடைப்பு மடம், சிறுமலை அடிவாரம்
25 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

சேசு மரி சூசை துணை. என் முழங்கால் இருக்கட்டும், அது ஜெபிக்கும்போது மட்டும்தான் வலிக்கிறது, சாப்பிடும்போது வலிப்பதில்லை.

போட்டோவைப் பார்த்தேன். மூக்கு அப்பாவுடையது, பாவம். நீ அவரைக் கட்டிக்கொண்டு பெரியாற்றில் இரண்டாம் முறை முங்கி எழுந்தபோது நான் ஒரு வருடம் உனக்கு எழுதவில்லை. அந்தத் தப்பை மறுபடி செய்யமாட்டேன். ஆனால் சொல்லாமலும் இருக்கமாட்டேன். உனக்கு ஞானஸ்நானம் இரண்டு, உன் பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. இது என்ன நியாயம்?

நம் தம்பியை நினைத்துக்கொள். பிறந்த எட்டாம் நாள் தண்ணீர் ஊற்றி, முப்பத்தொன்றாம் நாள் போய்விட்டான். ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்களுக்காக வேண்டச் சொல்லிக் கோயிலுக்குப் பட்டியல் எழுதுவோமே, அதில் தாத்தா முதல் சித்தப்பா வரை வரும், தம்பி பெயர் மட்டும் வராது. ஒருமுறை நீ எழுதப் போய் அம்மா பென்சிலைப் பிடுங்கினாள். "ஞானஸ்நானம் வாங்கின பச்சப் பிள்ளைக்கு யாரும் வேண்ட வேண்டாம். அவன்தான் நமக்கு வேண்டிக்கணும்" என்றாள். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா அந்த ஒரு நம்பிக்கையில்தான் எழுந்து நடமாடினாள்.

நெற்றி வேர்ப்பது மிளகுத் தூசியால் இருக்காது. டாக்டரிடம் காட்டு.

மார்ச் ஐந்தில் தவக்காலம் தொடங்குகிறது. வழக்கம்தான்: வரும் கடிதங்கள் மதர் அறைப் பெட்டியில் கிடக்கும், உயிர்ப்பு ஞாயிறு அன்றுதான் கைக்கு வரும். உயிர் போகிற காரியமென்றால் உறையின் மூலையில் சிவப்பு மையால் ஒரு சிலுவை போடு. மதர் உடனே பிரித்துத் தருவார்.

அன்புடன்,
அக்கா (சகோ. இம்மாகுலா)


மட்டாஞ்சேரி
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை, மன்னியுங்கள். டாக்டரிடம் காட்டினோம். இதயத்தில் ஓட்டை. பெரியது. ஐந்து கிலோ எடை வந்தால் ஆபரேஷன் செய்யலாமாம். இப்போது மூன்று கிலோ நூறு கிராம். காலையும் மாலையும் மீனாக்ஷி வீட்டு மாவு நிறுக்கிற தராசில் வைத்துப் பார்க்கிறேன். நேற்று இருபது கிராம் கூடியிருந்தான். இன்று அதுவும் இல்லை.

மறுபடி இவரிடம் கேட்டேன். கோயிலுக்குப் போவோம், ஐந்து நிமிட வேலை என்றேன். "சாகப்போறான்னு நெனக்கிறவங்கதான் அவசரமாத் தண்ணி தேடுவாங்க. நான் பிழைப்பான்னு விசுவாசிக்கிறேன். நீ என்ன விசுவாசிக்கிற?" என்றார். அக்கா, இதற்கு நான் என்ன சொல்லட்டும்? தண்ணீர் கேட்டால் பிள்ளை சாவான் என்று சொல்வதாக ஆகிறது. கேட்காமல் இருந்தாலும் பயம் போகவில்லை. சபையில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் வைக்கிறார்கள். இவர்தான் முன்னால் நின்று சாட்சி சொல்கிறார், என் மகன் பிழைப்பான் என்று. நானும் ஆமென் சொல்கிறேன்.

ஜெசி


அடைப்பு மடம்
27 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கண்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மடம் முழுவதும் ஆசேருக்காக நவநாள் வைத்திருக்கிறோம்.

அவர் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும், ஏமாறாதே. பால் வேண்டுமா என்று பிள்ளையைக் கேட்டுவிட்டா கொடுக்கிறாய்? தடுப்பூசி போட அவன் வளரட்டும் என்று இருந்தாயா? பங்குச் சாமியாரைப் பார். பெற்றவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும், திருச்சபைச் சட்டம் அப்படித்தான். உன் மாப்பிள்ளையிடம் சண்டை போடாதே, ஆனால் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டும் நிற்காதே.

இன்னும் எழுதலாம், மணி அடிக்கிறது. அடுத்த புதன் முதல் என் வாயும் கையும் கட்டு. ஏப்ரல் இருபதில் பேசுவோம். அதற்குள் அவன் நான்கு கிலோ தாண்டியிருக்க வேண்டும், இது என் உத்தரவு.

அக்கா


மட்டாஞ்சேரி
18 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பங்குச் சாமியாரைப் பார்த்தேன். நல்லவர். பிள்ளையை நீங்கள் கத்தோலிக்கனாக வளர்ப்பீர்களா என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. கணவரையும் கூட்டி வாருங்கள், பேசலாம் என்றார். இவர் வரமாட்டார். அதோடு நின்றுவிட்டது.

ஞாயிறு முதல் ஆசேருக்குச் சளி, காய்ச்சல். இரண்டு கிலோ தொள்ளாயிரத்துக்கு இறங்கிவிட்டான். மூச்சு விடும்போது விலாவின் அடி குழிகிறது. நாளை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று மறைக்கல்வியில் படித்த ஞாபகம். நானே ஊற்றினால் செல்லுமா? நான் கோயிலை விட்டு வந்தவள். மாதா படத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்யாணம் செய்தவள். இரண்டு தரம் முங்கியவள். என் கைத் தண்ணீர் அவனை ஏற்றிக்கொண்டு போகுமா, இல்லை அதுவும் ஒரு பாவமாக அவன் தலையில் விழுமா? நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் செய்துவிடுவேன். இவருக்குத் தெரியவேண்டாம்.

உறையில் சிவப்புச் சிலுவை போட முடியவில்லை, அக்கா. பிள்ளையை விட்டு நான் நகர முடியாது. இவர்தான் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போடுகிறார். பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் இதென்ன சிலுவை என்று கேட்பார். உயிர் போகிற காரியம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மடத்துக்குப் போனும் செய்தேன். வெளிவாசல் சகோதரி எடுத்தார். தவக்காலம், மரணச் செய்தி மட்டும்தான் உள்ளே சொல்லலாம், மரணமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது.

ஜெசி


அடைப்பு மடம்
உயிர்ப்பு ஞாயிறு, 20 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

அல்லேலூயா. இப்போதுதான் பெட்டி திறந்தார்கள். உன் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். இது நாளை காலை விரைவுத் தபாலில் போகும்.

ஊற்று. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஊற்று. உன் கை போதும். நீ எங்கே போனாய், எத்தனை தரம் முங்கினாய் என்று அந்தத் தண்ணீர் கேட்காது. நர்ஸ் ஊற்றினாலும் செல்லும், மீனாக்ஷி ஊற்றினாலும் செல்லும். நம்பாதவன் கையானாலும், கோயில் செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். பெயரைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று நெற்றியில் மூன்று முறை விடு. ஒரு கரண்டித் தண்ணீர் போதும்.

பிப்ரவரியிலேயே இதை எழுதியிருக்கவேண்டும். வாதாடுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன். எடை எவ்வளவு என்று உடனே எழுது.

அக்கா


மட்டாஞ்சேரி
2 மே 2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஏப்ரல் 24-ம் தேதி வந்தது. ஆசேர் மார்ச் 29-ம் தேதி காலை பத்தரை மணிக்குப் போய்விட்டான். சபைக் கல்லறையில் வைத்திருக்கிறோம்.

அன்று மடத்துக்குப் போன் செய்திருந்தால் உள்ளே சொல்லியிருப்பார்கள். இப்போது மரணம்தானே. வேண்டுமென்றேதான் செய்யவில்லை.

கடைசி மூன்று நாள் எனக்கும் காய்ச்சல், தீவிரப் பிரிவுக்குள் விடவில்லை. இவரை மட்டும் பத்து நிமிடம் விடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வராந்தாவில் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்களாவது தொட்டுத் தண்ணீர் வையுங்கள், உங்கள் காலில் விழுகிறேன் என்றேன். "முடியாது ஜெசி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் முடிந்துவிட்டது.

உங்கள் உயிர்ப்புக் கடிதத்தை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நம்பாதவன் கையானாலும் செல்லும் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரோடு பேச்சு குறைந்துவிட்டது. சோறு போடுகிறேன், துணி துவைக்கிறேன். அன்றைய சட்டைப் பையில் ஆசேரின் சொட்டுமருந்துக் குப்பி காலியாகக் கிடந்தது. வெறும் குப்பியை எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரோ.

அவன் எங்கே இருக்கிறான், அக்கா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜெசி


அடைப்பு மடம்
12 மே 2025

என் தங்கைக்கு,

ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் உன் கேள்விக்கு வரமுடியாது. மார்ச் 22-ம் தேதி மதர் அறையைத் துடைக்கிற முறை என்னுடையது. பெட்டியின் மேலே உன் உறை கிடந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? சிவப்புச் சிலுவை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அப்படியென்றால் சுகம் என்று எண்ணிக்கொண்டேன். பிரித்துத் தரச் சொல்லி மதரிடம் கேட்டிருக்கலாம், தந்திருப்பார். கேட்காமல், இந்த ஆசையை அடக்கித் தவக்கால ஒறுத்தலாக ஒப்புக்கொடுக்கிறேன் என்று துணியைப் பிழிந்துகொண்டு போனேன். அன்று அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அப்போது ஆசேர் உயிரோடு இருந்தான். ஏழு நாள் இருந்தது.

அவன் எங்கே என்கிறாய். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் விடுகிறோம் என்றுதான் திருச்சபை சொல்கிறது. நானும் நம்புகிறேன். ஆனால் தம்பியைப் பற்றி அம்மா சொன்ன மாதிரி, தெரியும் என்று என்னால் எழுத முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் மடத்தில் இருந்தும் உனக்குக் கொடுக்க என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


ஏலூர்
17 ஆகஸ்ட் 2025

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

பாண்டியராஜன் எழுதுவது. உங்களுக்கு நான் எழுதுவது இதுவே முதல் தடவை. உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். ஜெசிந்தா சரீரத்தில் சுகம். உங்களுக்குப் பதில் எழுதவில்லை என்று தெரியும். என்னிடமும் அதிகம் பேசுவதில்லை.

பாஸ்டரிடம் சொல்ல முடியாது, அவளிடம் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு நான் தண்ணீர் விட்டேன். வீட்டுக் குழாய்த் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது. அவனுடைய மருந்துக் குப்பியைக் கழுவி அதில் கொண்டுபோனேன். நர்ஸ் திரும்பி நின்றபோது உங்கள் கோயிலில் செய்கிறதைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று மூன்று முறை நெற்றியில் விட்டேன். எனக்குப் பாஸ்டர் சொன்ன அதே வார்த்தைகள். கண்ணைத் திறந்து பார்த்தான்.

ஜெசி வராந்தாவில் என் கையைப் பிடித்துக் கெஞ்சியபோது அந்தக் குப்பி என் சட்டைப் பையில் இருந்தது. சரி என்று சொல்லியிருந்தால், பிள்ளை பிழைக்கமாட்டான் என்று அவள் முகத்தைப் பார்த்து நானே சொன்னதாக ஆகும். முடியாது என்றேன். என் பயத்தை அவள் பார்க்கவேண்டாம் என்று நினைத்தேன்.

அக்கா, பிழைப்பான் என்று அத்தனை பேர் முன்னால் சாட்சி சொன்னவன் நான். தண்ணீரைத் தொட்ட நேரம் என் விசுவாசம் போய்விட்டது. மறுநாள் பிள்ளை போனான். நான் விடாமல் நம்பியிருந்தால் இருந்திருப்பானோ? அவன் வளர்ந்து கேட்கவேண்டியதையும் நானே எடுத்துவிட்டேன். அவன் தாய் செய்ய ஏங்கியதையும் அவள் இல்லாமல் செய்துவிட்டேன். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?

உங்களை ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பதிலும் போடாதீர்கள், உங்கள் கையெழுத்து அவள் கண்ணில் படும்.

பாண்டியராஜன்


மட்டாஞ்சேரி
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? திட்டியாவது எழுது என்றீர்கள். திட்ட உட்கார்ந்தால் அழுகை வந்தது, எழுந்து போய்விட்டேன். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. உறையைத் துடைத்துவிட்டுப் போனதை நினைத்து நீங்கள் சாகவேண்டாம். சிலுவை போடாதது நான்.

ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் ஒரு மசாலாக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. இவர் சபைக்குப் போகிறார், ஆனால் பின்வரிசையில் உட்காருகிறார். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தலையாட்டிவிடுகிறார். கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறார்.

நவம்பர் வருகிறது. கோயிலுக்குப் போய்ப் பட்டியல் கொடுக்க எனக்கு இப்போது உரிமை இல்லை. உங்கள் மடத்தில் வாசிப்பீர்களே, அதற்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பா, அம்மா, தாத்தா, சித்தப்பா, ஆசேர். தம்பியை எழுதவில்லை, அம்மா பென்சிலைப் பிடுங்குவாள். ஆசேருக்குத்தான் வேண்டிக்கொள்ள ஆள் தேவை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை பெயரை மதர் ஏற்பாரா? கேட்டுப் பாருங்கள்.

ஜெசி


அடைப்பு மடம்
4 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் அப்படியேதான். உன் கடிதம் வந்த அன்று வலிக்கவில்லை.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்கு பெயரையும் இரண்டாம் தேதி வாசித்தோம். ஐந்தாவது பெயரை அடித்தது மதர் அல்ல, நான். கோபப்படுவதற்கு முன் அம்மா ஏன் பென்சிலைப் பிடுங்கினாள் என்று நினைத்துப் பார்.

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. எழுதியதே அதிகம். அதற்கு ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், கேட்கவும் வழியில்லை. நான் மூன்று மாதமாகத் தினமும் ஆசேரிடம் உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா


மட்டாஞ்சேரி
23 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அடித்த கோட்டைப் பார்த்ததும், உங்கள் மடத்திலும் இடமில்லை என்றுதான் நினைத்தேன். தாளைக் கசக்கிவிட்டேன். உங்கள் வரிகளை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் கை நின்றது. தம்பி பெயரை எழுதவிடாமல் அம்மா பென்சிலைப் பிடுங்கினாளே, ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக்கான அந்தக் கோடு அல்லவா இது.

அந்த வெள்ளிக்கிழமை உள்ளே போனவர் ஒருவர்தான். குப்பியை எதற்குக் கொண்டுபோனார் என்று உங்களுக்கு எழுதிக் கேட்டவள் நானேதான். கேட்டுவிட்டு அதே வீட்டில் ஏழு மாதம் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன்.

சந்தோஷம் என்று எழுதமுடியவில்லை. ஆசேர் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது, அது போதும் என்றுதான் இருக்கவேண்டும். ஆனால் என் கை அங்கே இல்லையே என்று தோன்றுகிறது. இவர் தனியாக நின்று அதைச் செய்திருக்கிறார் என்றும் தோன்றுகிறது. இரண்டுக்கும் அழுகிறேன். நேற்று இவர் வேலை முடிந்து வந்ததும் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "நாளைக்கு மத்தி மீன் கிடைச்சா வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது, மறுபடி உங்கள் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். சீக்கிரம் வந்து சேரட்டும் என்று காலையிலேயே தபாலில் போடச் சொல்லி இவரிடம் கொடுக்கப் போகிறேன். உறையை ஒட்டாமல் கொடுக்கிறேன், அக்கா. வழியில் பிரித்து ஒரு வரியாவது வாசிக்கட்டும். வாசிக்கமாட்டார். மறந்துவிட்டேன் என்று நினைத்து, அவரே பசை தடவி ஒட்டித்தான் பெட்டியில் போடுவார். அப்படிப்பட்ட ஆள்.

உங்கள் தங்கை,
ஜெசி